மெடிகெய்டு: வீட்டில் இருக்கும் துணையின் சேமிப்பைக் காத்துக்கொள்ள

அமெரிக்காவில் கணவரோ மனைவியோ முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நீண்ட காலம் தங்க நேர்ந்து, அந்தச் செலவுக்கு மெடிகெய்டை (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்) நாட வேண்டியிருந்தால், கையிருப்பு முழுவதும் கரைந்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்று எண்ணிவிட வேண்டாம். 1988ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் இருக்கும் துணைக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. தம்பதியரின் சேமிப்பு யார் பெயரில் இருந்தாலும் பொதுவாக ஒன்றாகவே கணக்கிடப்படும். அதில் வீட்டில் இருப்பவருக்கு மாநிலங்கள் அனுமதிக்கும் உச்ச வரம்பு 2025இல் 157,920 டாலர். அவர் குடியிருக்கும் வீடும் ஒரு காரும் இக்கணக்கில் சேரா.

விண்ணப்பிக்கும் நாளின் இருப்பை அன்றி, குறைந்தது 30 நாட்கள் நீடிக்கக்கூடிய பராமரிப்பு தொடங்கிய வேளையின் இருப்பையே அடிப்படையாகக் கொள்வதால், அப்போதைய வங்கி அறிக்கைகளைப் பத்திரப்படுத்தி, சொத்து மதிப்பீட்டை மாநில அலுவலகத்திடம் உடனே கோருங்கள். விண்ணப்பத்துக்கு முன்பே இதைக் கேட்கும் உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளுக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவது பெரும்பாலான மாநிலங்களில் விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுக்காலப் பரிவர்த்தனைச் சோதனையில் சிக்கி, உதவி சில காலம் மறுக்கப்படும் தண்டனைக்கு வழிவகுக்கும். துணையின் பெயருக்கு மாற்றுவதற்கு அந்தத் தண்டனை இல்லை. ஒதுக்கப்பட்ட தொகை போதாதெனில் மேல்விசாரணை கோரலாம்.