சென்னையைக் காணோமா? கினி வளைகுடாவில் தேடுங்கள்

இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் ஓப்பன்லேயர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில், இடங்களை ஆயங்களாகச் சேமிக்கும் ஜியோஜேசான் கோப்பைப் படித்தாயிற்று, கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை, ஆனால் வரைபடத்தில் சென்னைப் புள்ளிகள் எதுவுமே இல்லை. ஜூம் அவுட் செய்து ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் பாருங்கள், அத்தனையும் அங்கே ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். கோப்பில் இருப்பது பாகை, வரைபடமோ நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஈபிஎஸ்ஜி 3857 என்ற ஆய முறையில், அதாவது மீட்டர் கணக்கில் ஓடும். கோப்பைப் படிக்கும் ரீட்ஃபீச்சர்ஸை அழைக்கும்போது, வரைபடத்தின் ஆய முறையைச் சொல்லும் ஃபீச்சர்புரொஜெக்‌ஷன் கொடுக்க மறந்தால் 80.27, 13.08 என்ற பாகைகள் 80 மீட்டர், 13 மீட்டர் ஆகிவிடுகின்றன.

எழுதும்போதும் இதே கதைதான். மறந்தால் கோப்பில் 80.27-க்குப் பதில் 89 லட்சத்துச் சொச்சம் என்று ஏறும், அதை வாங்கிப் படிக்கிறவர் பாடு திண்டாட்டம். ஒவ்வொரு அழைப்பிலும் நினைவு வைத்துக்கொண்டிருக்காமல், கோப்பைப் படித்து எழுதும் ஃபார்மேட் ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே கன்ஸ்ட்ரக்டரில் இந்த ஆய முறையைக் கொடுத்துவிட்டு அந்த ஒரே ஆப்ஜெக்டை எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். வடிவங்களை வெறும் எழுத்தாக எழுதும் டபிள்யூகேடி வடிவத்துக்கான கிளாஸில் அந்த வசதி இல்லை, அதற்கு அழைக்கும்போதே, தரவின் ஆய முறையைச் சொல்லும் டேட்டாபுரொஜெக்‌ஷனையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது வரிசை. ஜியோஜேசானில் முதலில் தீர்க்கரேகை, அப்புறம்தான் அட்சரேகை, 2016-இல் வந்த அதன் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 7946 இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் நமக்கு வாயில் வருவது அட்சரேகைதானே முதலில்! மாற்றிப் போட்டால் சென்னை நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும், 80 என்பது அட்சரேகைக்கும் செல்லுபடியாகிற எண் என்பதால் 90-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கும் சோதனையும் இதைப் பிடிக்காது.

என்னைக் கேட்டால் இவற்றில் மோசமானது வட்டம். பயனர் வட்டம் வரைகிறார், சேமிக்கிறார், மறுபடி திறந்தால் ஒன்றுமில்லை. ஜியோஜேசானில் வட்டம் என்ற வகையே கிடையாது, அதனால் கோப்பை எழுதும் ரைட்ஃபீச்சர்ஸ் அதை உள்ளே எந்த வடிவமும் இல்லாத காலியான ஜியோமெட்ரிகலெக்‌ஷனாக எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். முன்கூட்டியே ஃப்ரம்சர்க்கிள் என்ற ஃபங்ஷனை வைத்துப் பாலிகனாக, அதாவது பல பக்க வடிவமாக மாற்றுங்கள், பின்னால் மறுபடி வட்டமாகவே திருத்த வேண்டியிருந்தால் மையத்தையும் ஆரத்தையும் பிராப்பர்ட்டியாகத் தனியே எழுதி வையுங்கள், ஏனென்றால் 32 பக்கப் பாலிகனைப் பார்த்து இது ஒரு காலத்தில் வட்டமாக இருந்தது என்று எந்த நிரலுக்கும் தெரியப்போவதில்லை.