முழுசாக முறுக்கினால் இழுக்காத புல்லட்: கார்புரேட்டரைக் கழற்றும் முன் நாம் செய்யும் தவறுகள்

பழைய இரும்பு எஞ்சின் புல்லட் 350 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். ஐட்லிங் நிதானமாகத் துடிக்கும். ஊருக்குள் ஓட்டும்வரை ஒரு குறையும் தெரியாது. பைபாஸ் ஏறி ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கினால் மட்டும் 70-லேயே நின்றுவிடும். இன்னும் முறுக்கினால் இழுவை குறையும். விசாரித்தால் "கார்புரேட்டர் போயிடுச்சு" என்பார் ஒருவர், "போர் வேலை பார்க்கணும்" என்று சிலிண்டரைக் கடையச் சொல்வார் இன்னொருவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பிரிக்கவே தேவையில்லாத எத்தனையோ எஞ்சின்கள் இந்த ஒரு புகாருக்காகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையில் பிறந்த ஒரிஜினல் பாகங்களை ஒருமுறை தூக்கிப் போட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எப்போது சோர்கிறது என்று கேட்காமல் ஸ்பானரை எடுப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். "முழு முறுக்கில் இழுக்கவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்த நோய் ஒன்று. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது இரண்டாவது. எத்தனை நிமிடம் முறுக்கிப் பிடித்தோம் என்பதைப் பொறுத்தது மூன்றாவது.

பிரித்தறிய ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கைப்பிடியில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். காலியான ரோட்டில் டாப் கியரில் 40-ல் போகும்போது மெதுவாக முழுசாகத் திறங்கள். அங்கேயே திணறினால், வேகம் அல்ல, எஞ்சின் மீது ஏறும் சுமைதான் காரணம்: பெட்ரோல் கலவையையும் ஸ்பார்க்கையும் பாருங்கள். 40-ல் நன்றாக இழுத்து, எந்தக் கியரிலும் எஞ்சின் உச்சச் சுற்றை நெருங்கும்போது மட்டும் தடுமாறினால், வால்வு ஸ்பிரிங், பிளாட்டினத்தின் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் மின் முனைகள்) ஸ்பிரிங், ஸ்பார்க்கை முன்னே தள்ளும் அட்வான்ஸ் அமைப்பு ஆகியவற்றின் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். முதல் சில நிமிடம் எல்லாம் சரியாக இருந்து, பிறகு மெல்ல மெல்லச் சோர்ந்தால், பெட்ரோல் போதுமான அளவு இறங்கவில்லை அல்லது ஏதோ ஒன்று சூடேறிக் கைவிடுகிறது.

இந்த மூன்றாவது வகையில் நான் ஒரு மழைக்காலம் முழுவதையும் இழந்தேன். என் வண்டி ஏழெட்டு கிலோமீட்டர் பறந்து போகும், பிறகு மூச்சுத் திணறும். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி புதுசு போல் ஓடும். ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயில் சூட்டில் தளர்கிறது என்று முடிவு கட்டி, காயில் மாற்றினேன். அப்புறம் பிளாட்டினத்தோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டன்சர். அப்புறம் கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினேன். உண்மைக் காரணம் டேங்க் மூடி. பழசு துருப்பிடித்துவிட்டதே என்று பளபளப்பான புது மூடி வாங்கிப் போட்டிருந்தேன். அதில் காற்று போகும் துளை அடைபட்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, அது மேலும் இறங்குவதைத் தடுத்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் பெட்ரோல் இருக்கிறதா என்று நான் மூடியைத் திறந்து பார்த்தேன். அந்தச் செயல்தான் வண்டியைக் குணப்படுத்தியது. நான் எஞ்சின் ஆறியதால் சரியானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படிச் சோர்ந்தால் அடுத்த முறை மூடியைத் திறக்காமல் காத்திருந்து பாருங்கள். அதற்கடுத்த முறை உடனே திறந்து, "உஸ்" என்று காற்று உள்ளே போகிறதா என்று கேளுங்கள்.

ஐட்லிங் ஸ்குரூவைத் திருகுவது

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பைலட் ஜெட்டும் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) அதன் காற்று ஸ்குரூவும் ஐட்லிங்கிலும் முதல் கால் பங்குக்குள்ளும் வேலை செய்பவை. கால் பங்கிலிருந்து முக்கால் வரை கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஊசியான நீடிலின் ராஜ்ஜியம். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட் அளவு முடிவு செய்கிறது. முழு முறுக்கில் உள்ள குறையைக் காற்று ஸ்குரூவால் தீர்க்க முடியாது. திருகினால் நன்றாக இருந்த ஐட்லிங்கும் கெடும். பிறகு இரண்டு நோய்களைத் துரத்த வேண்டியிருக்கும்.

கலவையில் பெட்ரோல் குறைவா அதிகமா என்பதை ஓட்டியபடியே அறியலாம். முழுசாக முறுக்கிச் சோரும் நேரத்தில் கொஞ்சம் பின்வாங்கி முக்காலுக்கு விடுங்கள். வண்டி சட்டென்று முன்னே பாய்ந்தால் பெட்ரோல் போதவில்லை. கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை லேசாகப் போட்டதும் இழுவை கூடினாலும் அதே பொருள்தான். சோக்கில் மேலும் அடைத்துக்கொண்டு கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டர் அடைப்பு, முழுசாக விலகாத சோக், பெரிய ஜெட், பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரம் என்று தேடுங்கள்.

போதாத கலவையின் பின்னால் பெரும்பாலும் வண்டிக்காரரே இருக்கிறார். சத்தத்துக்காகத் திறந்த சைலன்சர் போட்டிருப்பார், ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியிருப்பார், மெயின் ஜெட்டை மட்டும் பழைய அளவிலேயே விட்டிருப்பார். இன்னொன்று, ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்வது. பித்தளைத் துளை அதில் அகன்றுவிடும். மேலே பொறித்த எண்ணுக்கும் உள்ளே இருக்கும் அளவுக்கும் சம்பந்தமே இருக்காது. கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

இதையெல்லாம் விட முன்னதாகச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, முழுசாக முறுக்கிக் கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். ஸ்லைடு முழுக்க மேலே ஏறி வழி திறக்கிறதா? ஹேண்டில்பார் மாற்றிய பிறகோ, புதுக் கேபிள் போட்ட பிறகோ ஸ்லைடு முக்காலில் நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கை முழுசாக முறுக்குகிறது, எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது.

பெட்ரோல் "வருது" என்று திருப்தி அடைவது

குழாயைக் கழற்றினால் பெட்ரோல் சொட்டுகிறது, எனவே பெட்ரோல் பிரச்சினை இல்லை என்பது அடுத்த அவசரம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 346 சிசி எஞ்சின் தன் முழு 18 குதிரைத் திறனையும் தரும்போது நிமிடத்துக்குத் தோராயமாக 100 மில்லிக்கு மேல் குடிக்கும். ஐட்லிங்குக்கு அதில் ஒரு சிறு பங்குதான் வேண்டும். அதனால் அளந்து பார்க்க வேண்டும்: கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, டேங்க் மூடியை மூடியபடியே, ஒரு நிமிடம் பாட்டிலில் பிடியுங்கள். 200 மில்லியாவது தாராளமாக வர வேண்டும் என்பது என் அளவுகோல். குறைந்தால் மூடியைத் திறந்து மறுபடி பிடியுங்கள். இப்போது கூடினால் மூடிதான் குற்றவாளி. கூடவில்லை என்றால் டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்க்கு மேல் இருக்கும் வலை, டேங்க் துரு, மடிந்த குழாய். எஞ்சின் ஆறியபின், பக்கத்தில் நெருப்பில்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பம்ப் உள்ள கார்களுக்கான ஃபில்டரைப் புல்லட்டில் மாட்டுவதும் கூடாது. இங்கே பெட்ரோல் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. அந்த ஃபில்டர் காகிதத்தைத் தாண்டப் போதிய அழுத்தம் கிடையாது.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் மெலிந்துவிடும். ஏற்கெனவே விளிம்பில் இருந்த வண்டி முழு முறுக்கில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பழைய ரப்பர் குழாய்கள் உள்பக்கம் உப்பி வழியைச் சுருக்குவதும் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது.

பிளக்கை வெளியே வைத்து "ஸ்பார்க் நல்லா அடிக்குது" என்பது

பிளக்கைக் கழற்றி ஹெட் மேல் சாய்த்துக் கிக்கரை உதைத்துப் பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அது ஸ்பார்க் இருக்கிறது என்று சொல்லும், போதுமா என்று சொல்லாது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்டக் கூடுதல் வோல்டேஜ் தேவை. சிலிண்டர் முழுசாக நிரம்புவது முழுசாக முறுக்கும்போதுதான். அதனால் தளர்ந்த காயிலோ, கசியும் கண்டன்சரோ, பிளக் மேல் மாட்டும் தேய்ந்த தொப்பியோ வெளியே நீலமாக அடித்துக் காட்டிவிட்டு, பைபாஸில் கைவிடும்.

இதற்கு எளிய சோதனை உண்டு. 0.5 மில்லிமீட்டர் இருக்கும் பிளக் இடைவெளியைத் தற்காலிகமாக 0.4-க்குக் குறைத்து ஓட்டுங்கள். மிஸ்ஸிங் நின்றுவிட்டால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். இக்னிஷன் பலவீனமாக இருக்கிறது. இருட்டில் பிளாட்டினம் மூடியைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தால், முனைகளுக்கிடையே பெரிய பொறி பறப்பது கண்டன்சரின் குறையைக் காட்டும்.

பிளாட்டினத்தின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இங்கே பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். இடைவெளி மாறினால் ஸ்பார்க் அடிக்கும் நேரமான டைமிங்கும் மாறும். எனவே முதலில் இடைவெளி, அதற்குப் பிறகுதான் டைமிங். அட்வான்ஸ் எடைகள் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிளாட்டினத்தைத் திறக்கும் கேமை விரலால் திருப்பி விட்டால் ஸ்பிரிங்கில் தானாகத் திரும்ப வேண்டும். ஒட்டியிருந்தால் ஐட்லிங் அருமையாக இருக்கும், வேகத்தில் ஸ்பார்க் தாமதித்து எஞ்சின் வெறுமனே சூடேறும்.

பிளக் நிறத்தைப் பார்ப்பதிலும் ஏமாறுகிறோம். பத்து கிலோமீட்டர் ஓட்டி, ஊருக்குள் ஊர்ந்து, வீட்டில் ஐட்லிங்கில் விட்டு, பிறகு கழற்றினால் தெரிவது ஐட்லிங்கின் நிறம். முழு முறுக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து அந்தக் கணமே எஞ்சினை நிறுத்தி, ஓரம் கட்டிக் கழற்ற வேண்டும். இன்றைய பெட்ரோலில் பழைய பழுப்பு நிறம் சரியாகப் படிவதில்லை என்பதால், புதுப் பிளக் போட்டு வெள்ளைப் பீங்கானின் அடிப்பகுதியைப் பார்ப்பது நம்பகமானது.

எஞ்சின் மீதே பழி போடுவது

கிளட்ச் வழுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இதை "பிக்கப் இல்லை" என்று எடுத்துக்கொண்டு கார்புரேட்டரை மாற்றியவர்கள் உண்டு. சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பிரேக் உரசுகிறதா, செயின் இறுகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளக்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடி வைத்து அளந்தால் காற்றே உள்ளே போகாது. குறைந்த அளவைக் கண்டு பயந்து போர் வேலைக்குப் போய்விடுவோம். முழுசாகத் திறந்து வைத்து அளக்க வேண்டும். அதற்கும் முன்னால், உதைப்பதை எளிதாக்க அந்த அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸரின் கேபிள் இறுக்கமாக இருந்து அதன் வால்வு லேசாகத் திறந்தே கிடக்கிறதா பாருங்கள். வால்வை இயக்கும் டேப்பெட்டையும் பாருங்கள்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்கையில், அதன் தள்ளுகம்பியான புஷ்ராடு விரலால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சத்தம் வரக் கூடாது என்று இறுக்கிவிட்டால் சூட்டில் வால்வு முழுசாக மூடாது. அமைதியான எஞ்சின் கிடைக்கும், இழுவை போய்விடும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வும் கருகும்.

ஒரே நாளில் பிளக், காயில், ஜெட், டைமிங் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். சரியானாலும் எதனால் என்று தெரியாது. அடுத்த வருடம் அதே குறை வந்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஒன்றை மாற்றி, அதே ரோட்டில், அதே கியரில், காலை நேரத்தில் காலியாக இருக்கும்போது ஓட்டிப் பார்த்து, நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். சோதனையில் பெட்ரோல் போதவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். மெலிந்த கலவையில் முழுசாக முறுக்கிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம், ஓட்டையும் விழலாம். வரத்து சரியாகும்வரை, அல்லது சரியான ஜெட் கைக்கு வரும்வரை, டேப்பில் போட்ட அரைக் கோட்டைத் தாண்டாமல் வீடு வந்து சேருங்கள்.