மாமாவின் சிடியும் 'ஜேகேபிஓ' தமிழும்: பழைய பாமினி ஃபைலை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி?

போன மாதம் மாமா ஒரு சிடியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "மாப்ளே, இதுல நம்ம ஊர் வரலாறு இருக்கு, அறுபது பக்கம். 2003ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டிடிபி சென்டர்ல உட்கார்ந்து அடிச்சு வாங்கினது. இப்பத் திறந்தா எல்லாம் இங்கிலீஷா வருது. வைரஸ் தின்னுடுச்சா?"

மாமா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவர் எழுதியதில் ஆங்கிலம் வந்தால் அது வைரஸின் வேலையாகத்தான் இருக்க வேண்டும், அவரைப் பொறுத்தவரை. சிடி ட்ரைவ் உள்ள கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. திறந்து பார்த்தால் முதல் வரியின் முதல் சொல் ஐந்து தட்டல்கள்: ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பழைய தமிழ் ஃபைல்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பார்த்தவுடன் புரியும். அது 'தமிழ்'. பாமினி எழுத்துருவில் அடித்தது.

இப்படி ஒரு ஃபைல் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், தாத்தாவின் கவிதைகள், சங்கத்தின் பழைய தீர்மானங்கள். திரும்ப டைப் அடிக்க உட்காராதீர்கள். ஒரு சொல்கூடத் தொலையவில்லை, எல்லாம் உள்ளேயே இருக்கிறது. எடுக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில், என்னதான் நடந்தது?

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், அதனால் இரண்டு நிமிடம் கொடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எண்தான் தெரியும். பாமினி மாதிரியான எழுத்துருக்களைச் செய்தவர்கள், ஆங்கில ஜே எழுத்தின் எண்ணில் 'த' என்ற படத்தை வரைந்து வைத்தார்கள், கே இருந்த இடத்தில் 'ம', அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. திரையில் தெரிவது தமிழ், ஃபைலுக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வேஷம் கலைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்திருக்கும் பொது முறைதான் யூனிகோட். அதில் அப்படியில்லை. தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டு, 'த' என்றால் உலகம் முழுக்க ஒரே எண். 1991ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது, விண்டோஸ் 2000ல் லதா எழுத்துருவோடு நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. பிறகு ஏன் 2003லும் பாமினி என்று கேட்பீர்கள். டிடிபி சென்டர்களில் ஓடியது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், அதற்கு யூனிகோட் தெரியாது. பழகிய கை, பழகிய கீபோர்டு, யார் மாற்றுவார்கள்?

'சரி, பாமினி எழுத்துருவையே இறக்கி நிறுவிவிட்டால் போதாதா?' போதாது. உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் தமிழாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடியும் ஜேகேபிஓதான், கூகுளில் தேடினால் கிடைக்காது, பேத்தியின் ஃபோனில் திறக்காது. ஆனால் நிறுவி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

படி 1: நகல் எடுங்கள்

ஃபைலை அப்படியே ஒரு காப்பி. வேலை எல்லாம் காப்பியில் மட்டும். மாமாவின் சிடியில் ஒரு பேஜ்மேக்கர் ஃபைலும் ஒரு வேர்டு ஃபைலும் இருந்தன. பேஜ்மேக்கரை இன்று திறப்பது தனிப் போராட்டம், எனவே வேர்டு ஃபைல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

படி 2: எந்த எழுத்துரு என்று கண்டுபிடியுங்கள்

பழைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் பாமினி இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் 'த'வை வைத்திருந்த காலம் அது. தவறான பெயரைச் சொல்லி மாற்றினால் குப்பை வேறொரு குப்பையாக மாறும்.

வேர்டில் ஃபைலைத் திறந்து புரியாத எழுத்துகளின் நடுவே கர்சரை வையுங்கள். மேலே எழுத்துருப் பெட்டியில் பெயர் தெரியும். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயரை மட்டும் வேர்டு மறக்காது. லிப்ரே ஆபீஸில் இல்லாத எழுத்துருவின் பெயர் சாய்வெழுத்தில் காட்டும். பெயரில் பாமினி என்று இருந்தால் சந்தேகமே இல்லை. டி.எஸ்.சி. என்று தொடங்கினால் திஸ்கி என்ற இன்னொரு பழைய வகை, டாப் அல்லது டாம் என்று தொடங்கினால் 1999ல் தமிழ்நாட்டில் தரப்படுத்திய வகை. வானவில், ஸ்ரீலிபி என்று வருவதும் உண்டு. அரசு அலுவலகத்திலிருந்து வந்த பழைய ஃபைல் என்றால் வானவில் அவ்வையாராக இருக்க நிறைய வாய்ப்பு.

வெறும் நோட்பேடு ஃபைலாக இருந்தால் எழுத்துருப் பெயர் இருக்காது. அப்போது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். எல்லாம் கீபோர்டில் உள்ள எழுத்துகளாக இருந்து, நாலைந்து எழுத்துக்கு ஒருமுறை அரைப்புள்ளி வந்தால் பாமினி. தமிழில் புள்ளி வைத்த எழுத்து அவ்வளவு வருமே! தலையில் கோடும் புள்ளியும் சூடிய ஐரோப்பிய எழுத்துகள் நடுவே 'முக்கால்' பின்னக்குறி அடிக்கடி தலைகாட்டினால் அது திஸ்கியாக இருக்கலாம், அங்கே 'த'வுக்கு அந்த இடம்தான் கிடைத்தது. இரண்டிலும் சேராவிட்டால் அடுத்த படியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஒன்றில்தான் தமிழ் வரும்.

படி 3: ஒரே ஒரு பத்தியை மாற்றிப் பாருங்கள்

'பாமினி யூனிகோட் மாற்றி' என்று தேடினால் இலவசமாகப் பல பக்கங்கள் வரும். இடது பெட்டியில் பழையதை ஒட்டி, எழுத்துருவைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தினால் வலது பெட்டியில் தமிழ்.

உடனே அறுபது பக்கத்தையும் கொட்டாதீர்கள். கொ, கோ, கை, கௌ வரும் ஒரு பத்தியாகப் பார்த்து எடுத்து ஒட்டுங்கள். காரணம் இருக்கிறது: பாமினியில் 'கொ' அடிக்கும்போது கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். யூனிகோடில் க முதலில் வந்து, குறி பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் சரியாகச் செய்யாத மாற்றியில் கொம்பு தனியாகத் தொங்கும், பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் தெரியும். அப்படித் தெரிந்தால் வேறு மாற்றிக்குப் போய்விடுங்கள், கையால் சரிசெய்ய உட்கார்ந்தால் விடியாது.

சொத்துப் பத்திரம், குடும்பக் கடிதம் என்றால் முன்பின் தெரியாத தளத்தில் ஒட்ட எனக்கே மனம் வராது. அதற்கு ஒரு தந்திரம். பக்கம் முழுதாகத் திறந்தபின் வைஃபையை அணைத்துவிட்டு ஒட்டி மாற்றுங்கள். அப்போதும் வேலை செய்தால் மாற்றம் உங்கள் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. முடிந்ததும் பக்கத்தை மூடிவிட்டு வைஃபையைப் போடுங்கள்.

படி 4: நடுவில் உள்ள ஆங்கிலத்தை ஒதுக்குங்கள்

மாற்றிக்கு எல்லாமே பாமினிதான். மாமா ஓரிடத்தில் பஸ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லியிருந்தார், அது 'டிரள' என்று வந்து நின்றது. பழம்பெயரோ என்று நான் ஒரு நிமிடம் யோசித்தது நிஜம். எனவே மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலச் சொற்களைத் தேடி ஒரு தாளில் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள், மாற்றியபின் அதைப் பார்த்துத் திருத்திவிடலாம். வேர்டின் ஃபைண்ட் பெட்டியில் எழுத்துருவை வைத்துத் தேடும் வசதி உண்டு, டைம்ஸ் நியூ ரோமன் என்று கொடுத்தால் ஆங்கிலம் மட்டும் சிக்கும். எண்களுக்குப் பயமில்லை, அவை அப்படியே வந்துவிடும்.

பிறகு முழுவதையும் மாற்றி, புதிய வேர்டு ஃபைலில் எழுத்து மட்டும் ஒட்டும்படி ஒட்டுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்து நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்துவிடுங்கள்.

படி 5: கண்ணுக்குத் தெரியாத பிழை

பெரும்பாலானவர்கள் இதற்கு முந்தைய படியோடு எழுந்துபோய்விடுவார்கள். நானும் எழுந்தேன். ஏதோ தோன்றி, கன்ட்ரோல் எஃப் அழுத்தி 'ஆசிரியர்' என்று தேடினேன். ஒன்றுமில்லை என்றது. ஓய்வு பெற்ற ஆசிரியர் எழுதிய புத்தகம், பக்கத்துக்கு ஒருமுறை அந்தச் சொல் கண்முன்னே தெரிகிறது, ஆனால் கம்ப்யூட்டர் இல்லை என்கிறது!

இதோ இரண்டு சொற்கள்: ஆசிரியர், ஆசிாியா். உற்றுப் பாருங்கள். இரண்டாவதில் 'ர' என்ற எழுத்தே இல்லை. துணைக்கால் மேல் புள்ளி வைத்தால் 'ர்' மாதிரியே இருக்கும், துணைக்காலில் கொக்கி மாட்டினால் 'ரி' மாதிரியே இருக்கும். பாமினி காலத்து டைப்பிஸ்டுகள் அப்படித்தான் அடித்தார்கள், காகிதத்தில் அச்சாகும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. நல்ல மாற்றி இதைக் கண்டு திருத்திவிடும், சில மாற்றிகள் துணைக்காலைத் துணைக்காலாகவே கொண்டுவந்து வைத்துவிடும். இணையத்தில் இன்றும் எத்தனையோ பக்கங்கள் இந்தக் கோலத்தில்தான் கிடக்கின்றன, தேடலில் சிக்காமல். சில ஃபோன்களில் மட்டும் நடுவே புள்ளிவட்டம் வந்து காட்டிக்கொடுக்கும்.

திருத்துவது எளிது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் திறந்து, மூன்று முறை:

- ா் இருந்தால் ர்
- ாி இருந்தால் ரி
- ாீ இருந்தால் ரீ

தேட வேண்டியதை டைப் அடிக்கப் பல கீபோர்டுகள் விடாது, தவறான சொல்லிலிருந்தே காப்பி எடுத்து ஒட்டுங்கள். துணைக்காலுக்குப் பின் புள்ளியோ கொக்கியோ வருகிற சொல் தமிழில் கிடையாது, எனவே தைரியமாக ரீப்ளேஸ் ஆல் அழுத்தலாம். எனக்கு இந்த மூன்றிலேயே ஆயிரத்துக்கு மேல் மாறியது.

அதே தைரியத்தை 'கௌ'வில் காட்டாதீர்கள். 'கௌரி' என்பது 'கெளரி' என்று வந்திருந்தது, கொம்பும் ளகரமும் தனித்தனியாக. ரீப்ளேஸ் ஆல் போட்டேன். எங்கள் ஊர்க் குளத்துக் கெளுத்தி மீன்கள் அத்தனையும் செத்தன. 'ஒளவை'யும் இதே கதை: அதை 'ஔவை' ஆக்கப்போய் 'ஒளி'யைக் கெடுத்துவிடுவோம். இந்த வகையை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, வாக்கியத் தொடக்கங்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வேர்டின் பழக்கத்தை அன்று யாராவது அணைக்க மறந்திருந்தால் 'அம்மா' அங்கங்கே 'ஆம்மா' ஆகியிருப்பாள்.

பிடிஎஃப் மட்டும் இருந்தால்?

படிக்கும்போது அழகான தமிழ், காப்பி எடுத்தால் ஜேகேபிஓ என்றால் உள்ளே பழைய எழுத்துரு இருக்கிறது. பிடிஎஃப் ரீடரில் டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ் போனால் எழுத்துருக்களின் பட்டியல் இருக்கும், பெயரைப் பார்த்து மேலே சொன்னபடி மாற்றலாம். எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுத்தால் படத்திலிருந்து தமிழைப் படித்துக் கொடுக்கும், ஓரளவு நன்றாகவே. பிழை திருத்தம் மட்டும் உங்கள் தலையில்.

படி 6: சேமிப்பது

வேர்டு ஃபைலாகச் சேமித்தால் யோசிக்க ஒன்றுமில்லை. நோட்பேடில் சேமிப்பதாக இருந்தால் கீழே என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்சி என்று இருந்தால் அத்தனை எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும், அதன்பின் எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. பாமினிக் குப்பையில் விஷயம் இருக்கிறது, கேள்விக்குறியில் எதுவும் இல்லை.

பழைய ஃபைலை அழித்துவிடாதீர்கள். மாமாவுக்குப் புதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று இரவே ஃபோன் வந்தது. "மாப்ளே, முப்பத்தெட்டாம் பக்கத்துல ஒரு வரியை உன் மெஷின் முழுங்கிடுச்சு." பாமினியை நிறுவி வைத்திருந்ததால் பழைய ஃபைலைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அந்த வரி இல்லை, டிடிபி சென்டரிலேயே விட்டிருக்கிறார்கள். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த வரியைச் சொல்லச் சொல்ல நான் அடித்துச் சேர்த்தேன்.