திருடியும் அவுட்லாவும்: இந்த வகைக் காதல் நாவலுக்குக் கருத்து எழுதும் முறை

‘சூப்பர்’, ‘இரண்டாம் பாதி இழுவை’ என்று இரண்டு வரி எழுதி நான்கு நட்சத்திரம் போட்டால் அடுத்து படிக்கப் போகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. இடைக்கால இங்கிலாந்தில் நடக்கும் திருடி–அவுட்லா (சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவன்) காதல் கதைகளில் காதலுக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் சட்டம்தான். அந்தச் சட்டம் கதையை நகர்த்துகிறதா, பின்னால் தொங்கும் திரைச்சீலையா என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் ஆண்டைப் பிடியுங்கள். நாவல் ஆண்டைச் சொல்லாவிட்டாலும் எந்த ராஜா ஆள்கிறார் என்பது முதல் சில அத்தியாயங்களில் தெரிந்துவிடும். ஆண்டு தெரியாமல் ‘வரலாற்றுப் பிழை’ என்று எழுதினால், பிழை உங்களுடையதாகிவிடும். படிக்கும்போதே காசு, தண்டனை, கல்யாணம் என்று மூன்று தலைப்பில் குறித்து வையுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், அதனால் அத்தியாய எண்ணைக் குறிப்பது நல்லது.

அதிகம் சறுக்குவது காசில். கதாநாயகி பொற்காசுப் பையை உருவுகிறாள் என்று வந்தால் ஆண்டைப் பாருங்கள். 1257இல் மூன்றாம் ஹென்றி பொற்காசு அடித்துப் பார்த்தார், எடுபடவில்லை. 1344க்குப் பிறகுதான் இங்கிலாந்தில் சொந்தப் பொற்காசு நிலைத்தது. அதற்கு முன் கைமாறியது வெள்ளிப் பென்னி. 12 பென்ஸ் (பென்னியின் பன்மை) ஒரு ஷில்லிங், 240 பென்ஸ் ஒரு பவுண்டு. ஆனால் ஷில்லிங்கும் பவுண்டும் அன்று கணக்கில் மட்டும் இருந்தவை, காசாக இல்லை. ஆக, 20 பவுண்டைத் திருடுகிறவள் 4,800 வெள்ளிக்காசுகளைச் சுமக்க வேண்டும். ஏறத்தாழ 7 கிலோ. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் மதில் தாண்டிக் குதித்தால் தயங்காமல் எழுதுங்கள்.

திருட்டின் மதிப்பையும் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 12 பென்ஸ்தான் கோடு. அதைத் தாண்டினால் தூக்கு. தூக்கைத் தவிர்க்க ஜூரிகள் பொருளின் விலையைக் குறைத்துச் சொன்னதும் உண்டு. இதைப் பயன்படுத்தியிருக்கும் ஆசிரியருக்குத் தாராளமாகக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

அவுட்லா என்றால் காட்டில் ஒளிந்திருக்கும் ரவுடி அல்ல, சட்டத்தின் காப்பை இழந்தவன். குற்றம் சாட்டப்பட்டவன் பெயரை அடுத்தடுத்த கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) மன்றங்களில் நான்கைந்து முறை கூப்பிட்டும் அவன் வராவிட்டால்தான் அந்த அறிவிப்பு வரும். மன்றம் ஏறக்குறைய மாதம் ஒரு முறை கூடும். ஷெரீப் (கவுண்டியில் ராஜாவின் அதிகாரி) கோபப்பட்டு ஒரே ராத்திரியில் ஒருவனை அவுட்லா ஆக்கினால் அது கோளாறு. பெண்ணைக் குறிக்கச் சட்டத்தில் வேறு சொல் இருந்தது என்பதற்காக, கதாநாயகியை ‘அவுட்லா’ என்று அழைத்த நாவலுக்கு நட்சத்திரம் குறைக்க வேண்டாம். அது வக்கீல்களின் கவலை.

ராஜாவின் மானை வேட்டையாடியவனுக்குக் கை வெட்டு என்று வரும் காட்சியையும் ஆண்டோடு ஒப்பிடுங்கள். 1217இன் காட்டுச் சாசனம் மானுக்காக உயிரையோ உறுப்பையோ பறிக்கக் கூடாது என்றது. அபராதம், கட்ட வழியில்லாவிட்டால் ஓராண்டும் ஒரு நாளும் சிறை. தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவனுக்கு 40 நாள் கெடு உண்டு. அதற்குள் வெளியே வந்து விசாரணைக்கு நிற்கலாம். இல்லையேல் கொரோனர் என்ற அரச அதிகாரி முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாட்டைவிட்டுப் போவதாகச் சத்தியம் செய்யலாம். வாசலில் காவல், உள்ளே இருவர், நாற்பது நாள்: காதல் கதைக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்? இதை ஒரே பத்தியில் கடக்கும் நாவலைக் குறை சொல்லலாம்.

கல்யாணத்துக்கு வருவோம். ‘பாதிரியார் இல்லையே, எப்படிச் சேர்வது’ என்று ஜோடி அழுதால் முடிச்சு பலவீனம். ‘இப்போதே உன்னை மணக்கிறேன்’ என்று இருவரும் மனமொத்துச் சொன்னாலே அது திருமணம். சாட்சி இல்லாததைத் திருச்சபை கண்டித்தாலும் செல்லாது என்று சொல்லவில்லை. சிக்கல் நிரூபிப்பதில்தான்: பிறகு ஒருவர் மறுத்தால் திருச்சபை மன்றத்தில் யார் சொல் நிற்கும்? நல்ல நாவல் அங்கே கை வைக்கும். (களவு என்ற ஒரே சொல்லில் திருட்டையும் மறைவான காதலையும் வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல.)

முடிவில் ராஜா மன்னித்துவிட்டால் ‘நம்பும்படி இல்லை’ என்று உடனே எழுதாதீர்கள். 1294 முதல் முதலாம் எட்வர்ட் போருக்கு வந்த குற்றவாளிகளுக்கு மன்னிப்பு வழங்கினார். 1332இல் ஃபோல்வில் கும்பல் ரிச்சர்ட் வில்லோபி என்ற நீதிபதியைக் கடத்தி 1,300 மார்க் (ஒரு மார்க் 160 பென்ஸ்) பிணைப்பணம் வாங்கியது. கும்பல் தலைவன் யூஸ்டஸ் தூக்கில் தொங்கவில்லை. கேட்க வேண்டியது, அந்த மன்னிப்புக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதே. விலையில்லாமல் கடைசி அத்தியாயத்தில் கடிதம் வந்து இறங்கினால் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கலாம்.

எழுதும்போது 250 முதல் 300 சொற்கள் போதும். மூன்று வரியில் தொடக்கம், கதையின் முதல் கால்பகுதியைத் தாண்டாமல். பிறகு ஜோடி: அவனைத் தவிர அவளுக்கு என்ன வேண்டும், பொய் சொல்லிப் பழகியவள் அவனிடம் முதலில் எப்போது உண்மை பேசுகிறாள், நெருக்கமான காட்சிகளில் அவள் சம்மதம் தெளிவாக இருக்கிறதா. வன்முறையும் வெளிப்படையான காட்சிகளும் எவ்வளவு என்று ஒரு வரியில் எச்சரித்துவிடுங்கள். சட்டப் பிழைகளுக்குத் தனிப் பத்தி வைத்து, காதலுக்கும் வரலாற்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் சொல்லுங்கள். காசுக் கணக்கு பிசகியும் ஜோடி மனதில் நிற்கும் நாவல்கள் உண்டு. ‘திருடுகிறவளை எப்படி ரசிப்பது’ என்ற உபதேசம் வேண்டாம், அட்டையிலேயே திருடி என்று போட்டுத்தானே விற்கிறார்கள். மன்னிப்பு, தூக்கு, பிடிபடும் இடம் ஆகிய மூன்றையும் ஸ்பாய்லர் குறிக்குப் பின்னால் தள்ளுங்கள். கருத்தின் தலைப்பில் அவை எட்டிப் பார்க்கின்றனவா என்று பதிவிடும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.