அமெரிக்கப் புறநகர்ச் சிறுநகரம் ஒன்றின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

முதலில், அது தனி நகராட்சியாகப் பதிவான ஆண்டைக் கண்டறியுங்கள். ஊர் அதற்கு வெகுமுன்பே உருவாகியிருக்கலாம் என்பதால், அதையே தொடக்கமாகக் கொள்ள வேண்டாம். அடுத்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்துள்ள சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் (தீ விபத்துக் காப்பீட்டாளர்களுக்காகச் சான்பார்ன் நிறுவனம் கட்டடம் கட்டடமாக வரைந்த பழைய நகர வரைபடங்கள்) அவ்வூர் இடம்பெற்றிருந்தால் பொறுமையாகப் பாருங்கள்: இளஞ்சிவப்பு நிறம் செங்கல் கட்டடத்தையும் மஞ்சள் நிறம் மரக் கட்டடத்தையும் குறிப்பதால், ஊர் வளர்ந்த விதம் தெருத்தெருவாகத் துலங்கும், இதைவிட நுணுக்கமான சான்று அரிது என்றே கருதுகிறேன்.

மக்களின் அமைப்பை அறிய, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நாடுங்கள். தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியாகும்; 1950ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல் வெளிவந்தன. எல்லை விரிந்த ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளாமல் இரு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால், புதிதாக இணைந்த பகுதியின் மக்களும் இயல்பான பெருக்கமாகத் தோன்றிவிடுவர்.