ஸ்பீட்லைட்ல பியூட்டி டிஷ் மாட்டி போர்ட்ரைட் எடுக்கறது எப்படி

பியூட்டி டிஷ் வாங்கி ஸ்பீட்லைட்ல, அதாவது கேமரா மேல மாட்டற சின்ன ஃப்ளாஷ்ல, மாட்டிப் பாத்த நிறைய பேர் சொல்ற கம்ப்ளைன்ட் ஒண்ணுதான், வீடியோல பாத்த மாதிரி வரல, சும்மா நேரா ஃப்ளாஷ் அடிச்ச மாதிரி இருக்குன்னு. டிஷ்ஷும் நல்லாத்தான் இருக்கும், ஃப்ளாஷும் நல்லாத்தான் இருக்கும், ரெண்டும் சேர்ற இடத்துலதான் சிக்கல். அதை முதல்ல சரி பண்ணிட்டா மத்ததெல்லாம் ஈஸி, அதனால அதை கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

பியூட்டி டிஷ்னா ஆழம் கம்மியான ஒரு பெரிய கிண்ணம், நடுவுல பல்புக்கு முன்னாடி சின்னதா ஒரு தட்டு இருக்கும், டிஃப்ளெக்டர்னு சொல்லுவாங்க. லைட் அந்த தட்டுல பட்டு பின்னாடி திரும்பி கிண்ணத்தோட உள்பக்கம் முழுக்க பரவி அப்புறம்தான் முகத்துக்கு வரணும். ஸ்டுடியோ ஃப்ளாஷ்ல பல்பு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், எல்லா பக்கமும் லைட் அடிக்கும், அதனால கிண்ணம் ஓரம் வரைக்கும் நிறைஞ்சிடும். ஸ்பீட்லைட் அப்படி இல்ல, முன்னாடி ஒரு லென்ஸ் வச்சு லைட்டை ஒரே பக்கமா நேரா தள்ளத்தான் அதை செஞ்சிருக்காங்க. அதனால லைட்ல பெரும்பகுதி தட்டுல மட்டும் மோதி நடுவுல ஒரு வளையமா வரும், ஓரமெல்லாம் இருட்டா கிடக்கும். நீங்க 42 சென்டிமீட்டர் டிஷ் வாங்கியிருப்பீங்க, ஆனா வேலை செய்யறது நடுவுல இருக்கற 20 சென்டிமீட்டர் மட்டும்தான்னு வச்சுக்கோங்க, அப்ப ஷேடோ கடுசா வராம எப்படி இருக்கும்?

உங்க டிஷ் நிறையுதா இல்லையான்னு கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது, ஃப்ளாஷ் அவ்வளவு வேகமா அடிச்சு அணைஞ்சிடும். அதுக்கு டிஷ்ஷையே போட்டோ எடுங்க. டிஷ் வாயை கேமரா பக்கம் நேரா திருப்பி வச்சு, ஃப்ளாஷ் பவரை 1/128-க்கு இறக்கி, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எஃப் 11-ல ஆரம்பிச்சு 16, 22-ன்னு இறுக்கிக்கிட்டே போங்க, படம் வெள்ளையா எரியாம டிஷ்ஷோட உள்பக்கம் தெளிவா தெரியற வரைக்கும். எங்க வெளிச்சம் இருக்கு, எங்க இருட்டு இருக்குன்னு அப்படியே வரைஞ்சு காட்டின மாதிரி தெரியும். எந்த மாற்றம் பண்ணாலும் இந்த ஒரு டெஸ்ட்டை திரும்ப எடுத்துப் பாருங்க, ரெவ்யூ படிக்கறதை விட இது நூறு மடங்கு உபயோகம்.

இப்ப நிறைக்கறது எப்படின்னு பாப்போம். முதல்ல ஃப்ளாஷ் ஜூமை, அதாவது லைட் எவ்வளவு அகலமா விரியணும்ங்கற செட்டிங்கை, மேனுவலா மாத்தி இருக்கறதுலயே வைடா வைங்க, கோடாக்ஸ் டிடி600 மாதிரி ஃப்ளாஷ்ல 20 எம்எம் வரைக்கும் போகும், அதுக்கு மேல ஹெட்டுக்குள்ள இருந்து இழுக்கற அந்த கண்ணாடி மாதிரி வைட் பேனலையும் வெளிய இழுத்து விட்டா 14 எம்எம் ஆயிடும். இது காசு செலவில்லாத வழி, ஓரளவு முன்னேற்றம் கண்டிப்பா தெரியும். அடுத்தது ஹெட் எங்க நிக்குதுங்கறது. ஸ்பீட்லைட்டையும் டிஷ்ஷையும் சேர்த்து ஸ்டாண்டுல பிடிக்கற, போவன்ஸ் மவுண்ட் வர்ற எஸ் டைப் பிராக்கெட்ல ஃப்ளாஷை முன்னும் பின்னும் தள்ள முடியும், நிறைய பேர் பின்னாடி தள்ளி மாட்டிடறாங்க, அப்ப டிஷ்ஷோட கழுத்து வளையத்துலயே பாதி லைட் இடிச்சு நின்னுடும். ஹெட்டோட முகம் டிஷ்ஷுக்குள்ள லேசா எட்டிப் பாக்கற மாதிரி வந்து நிக்கணும்.

இதுக்கும் மேல நல்லா வரணும்னா ஃப்ளாஷ் தலைல ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டோம் டிஃப்யூசர் மாட்டுங்க, அந்த டப்பா மாதிரி இருக்குமே அதுதான். சும்மா ரூம்ல அதை மாட்டி சப்ஜெக்ட் பக்கம் நேரா அடிச்சா பெருசா பிரயோஜனம் இல்ல, ஆனா டிஷ்ஷுக்குள்ள அது ஒரு பல்பு மாதிரி பக்கவாட்டுல எல்லாம் லைட்டை சிதற விடும், கிண்ணம் ஓரம் வரைக்கும் நிறையும். விலையும் கம்மி. என்ன, பவர் கொஞ்சம் குடிக்கும், கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், போயிடும். டிஷ்ஷை கிட்ட வச்சு எடுக்கறப்ப அது ஒரு பிரச்சனையே இல்ல.

கிட்டன்னா எவ்வளவு கிட்ட? இங்கதான் நிறைய பேர் பயப்படறாங்க. டிஷ்ஷோட அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துல இருந்து அதுல ரெண்டு மடங்கு தூரம் வரைக்கும், 42 சென்டிமீட்டர் டிஷ்னா முகத்துல இருந்து 45-ல இருந்து 85 சென்டிமீட்டருக்குள்ள. பிரேமுக்குள்ள டிஷ் ஓரம் தெரியற வரைக்கும் கிட்ட கொண்டு வந்துட்டு, அப்புறம் ஒரு இன்ச் மேல தூக்குங்க, அதான் இடம். ஆறு அடி தள்ளி வச்சா அது பியூட்டி டிஷ்ஷே இல்ல, ஒரு சின்ன லைட், அவ்வளவுதான். கிட்ட வைக்கறதுல இன்னொரு அழகும் இருக்கு. லைட்டுக்கும் முகத்துக்கும் அரை மீட்டர் இருந்தா, லைட்ல இருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கற இடத்துல ரெண்டு ஸ்டாப் கம்மி ஆயிடும். அதாவது முகம் பிரகாசமா இருக்கும், கழுத்து, தோள், அதுக்குக் கீழன்னு அப்படியே மெதுவா இருட்டுக்குள்ள போகும். எடிட்டிங்ல ஓரத்தை இருட்டாக்கற விக்னெட் போட்டு கொண்டு வர்ற எஃபெக்ட்டை விட இது பல மடங்கு நல்லா இருக்கும்.

டிஷ் நிக்க வேண்டிய இடம் கேமராவுக்கு நேர் மேல, இல்லன்னா கொஞ்சம் பக்கவாட்டுல, கண் மட்டத்தை விட உயரமா, முகத்தை பாத்து 45 டிகிரி கிட்ட சாய்ஞ்சு. நிறைய ஸ்பீட்லைட்ல மாடலிங் லைட், அதாவது நிழலை முன்கூட்டியே காட்ட தொடர்ந்து எரியற லைட், இருக்காது, அடிச்சுப் பாத்தாதான் ஷேடோ எங்க விழுதுன்னு தெரியும், அதுக்கு ஒரு வழி இருக்கு. மொபைல் டார்ச்சை ஆன் பண்ணி டிஷ்ஷோட நடுவுல பிடிச்சு முகத்து மேல அடிங்க, மூக்கு நிழல் எங்க விழுதுன்னு பாத்துக்கிட்டே ஸ்டாண்டை ஏத்தி இறக்குங்க. மூக்குக்குக் கீழ சின்னதா ஒரு நிழல், மேல் உதட்டை தொடாம நின்னா கரெக்ட். உதட்டு மேல இறங்கிடுச்சுன்னா லைட் ரொம்ப உயரம். அப்படியே கண்ணையும் பாருங்க, கருவிழில மேல்பக்கமா ஒரு வட்டம் தெரியணும், அது இல்லன்னா கண்ணு ரெண்டும் குழி மாதிரி இருண்டு போயிடும், குறிப்பா கண்ணு உள்வாங்கி இருக்கறவங்களுக்கு. மேக்கப் எவ்வளவு நல்லா இருந்தாலும் கண்ணுல அந்த வெளிச்சம் இல்லன்னா படத்துல உயிர் இருக்காது.

தாடைக்கு கீழ இருட்டு அதிகமா இருந்தா ஒரு தெர்மாகோல் ஷீட்டை மடியில வச்சுக்க சொல்லுங்க, இல்லன்னா யாரையாவது நெஞ்சு மட்டத்துல பிடிச்சுக்க சொல்லுங்க. சினிமா ஷூட்டிங்ல காலங்காலமா வேலை செஞ்ச அதே தெர்மாகோல்தான், ரிஃப்ளெக்டர் தனியா வாங்கணும்னு இல்ல. ஷீட்டை ஏத்தினா ஷேடோ குறையும், இறக்கினா கூடும். பையனையோ பெரியவரையோ கொஞ்சம் முரட்டுத்தனமா காட்டணும்னா ஷீட்டே வேண்டாம், அந்த தாடை நிழல்தான் அழகு.

செட்டிங்ஸ்க்கு வர்றேன். ஃப்ளாஷை ஆன் பண்றதுக்கு முன்னாடி கேமராவை மேனுவல்ல போட்டு ஐஎஸ்ஓ 100, 1/160, எஃப் 5.6 வச்சு ஒரு படம் எடுங்க, ரூம்ல ட்யூப்லைட் எரிஞ்சாலும் கிட்டத்தட்ட கருப்பா வரணும், அப்பதான் ட்யூப்லைட்டோட பச்சை ஸ்கின்ல கலக்காது. அப்புறம் ஃப்ளாஷை மேனுவல்ல 1/8 பவர்ல ஆன் பண்ணி டெஸ்ட் ஷாட். அதிகமா இருந்தா 1/16, கம்மியா இருந்தா 1/4. டிடிஎல், அதாவது ஃப்ளாஷ் பவரை கேமராவே முடிவு பண்ற மோட், வேண்டாம்னுதான் சொல்லுவேன், டிஷ் ஒரே இடத்துல நிக்குது, ஆளும் ஒரே இடத்துல உக்காந்திருக்காங்க, ஒரு தடவை செட் பண்ணா எல்லா படமும் ஒரே மாதிரி வரும், கருப்பு சட்டை போட்டா ஒரு எக்ஸ்போஷர், வெள்ளை வேட்டி கட்டினா ஒரு எக்ஸ்போஷர்னு அலைய வேண்டியதில்ல. 1/8 கிட்ட வேலை பாக்கறதால அடுத்த ஷாட்டுக்கு ஃப்ளாஷ் உடனே ரெடியாயிடும், ஹெட்டும் சூடாகாது. பேட்டரி மட்டும் நல்ல ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடா நாலு, எல்லாம் ஒரே செட்டா வச்சுக்கோங்க, புதுசையும் பழசையும் கலக்காதீங்க.

ஸ்கின்னை பத்தி சொல்லாம விட முடியாது. பியூட்டி டிஷ், முன்னாடி வெள்ளைத் துணி மூடின சாஃப்ட்பாக்ஸை விட கான்ட்ராஸ்ட் கூடின லைட், கன்னம், மூக்கு நுனி, நெத்தில எல்லாம் ஒரு பளபளப்பு கொடுக்கும். நம்ம மாநிறத்துக்கும் கருப்பு நிறத்துக்கும் இது மாதிரி பொருத்தமான லைட் ரொம்ப கம்மி, ஏன்னா கருத்த ஸ்கின்ல முகத்தோட வடிவத்தை காட்டறதே அந்த ஹைலைட்தான். எலும்பு எங்க மேடா இருக்கு, கன்னம் எங்க வளையுதுன்னு அது வரைஞ்சு காட்டும். "கொஞ்சம் கலரா காட்டுங்க"ன்னு வீட்டுக்காரங்க சொல்லுவாங்க, அதுக்காக எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏத்தினீங்கன்னா அந்த ஹைலைட் வெந்து போய் முகம் தட்டையாயிடும், அந்த நிறமும் போயிடும், வடிவமும் போயிடும். நிறத்தை நிறமா எடுங்க, சரியா லைட் விழுந்த படத்தை காட்டினா அவங்களே வாயை மூடிக்குவாங்க. ஆனா பளபளப்புக்கும் எண்ணெய் வழியறதுக்கும் வித்தியாசம் இருக்கு, சென்னை புழுக்கத்துல பத்து நிமிஷத்துல நெத்தி மினுங்க ஆரம்பிச்சிடும். டிஷ்யூவை வச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, மேல லேசா காம்பாக்ட் பவுடர். ஹிஸ்டோகிராம் கிராஃபை விட, வெள்ளையா எரிஞ்ச இடத்தை ஸ்க்ரீன்ல மின்ன வச்சு காட்டற ஹைலைட் வார்னிங்கை ஆன் பண்ணி நெத்தி மின்னுதான்னு பாக்கறது சீக்கிரம் பிடிபடும்.

பரு நிறைய இருக்கறவங்க, அம்மை தழும்பு இருக்கறவங்க, சுருக்கம் தெரிய வேண்டாம்னு நினைக்கற பெரியவங்க, இவங்களுக்கு இந்த லைட் கருணை காட்டாது. டிஷ் மேல வெள்ளைத் துணி உறை மாட்டலாம், ஆனா மாட்டினா அது ஒரு சின்ன சாஃப்ட்பாக்ஸ், அதுக்கு பேசாம பெரிய போட்டோ அம்பர்லாவே போடுங்க. கண்ணாடி போட்டவங்களுக்கு டிஷ்ஷை இன்னும் கொஞ்சம் தூக்கி, காது பக்கம் கண்ணாடி காலை லேசா மேல ஏத்தி விட்டா லென்ஸ் கீழ்ப்பக்கம் சாயும், ரிஃப்ளெக்ஷன் போயிடும். ரூம் சின்னது, செவுரு வெள்ளைன்னா லைட் எல்லா பக்கமும் பட்டு திரும்ப வந்து கான்ட்ராஸ்ட்டை கொன்னுடும், அங்க லைட் பக்கவாட்டுல சிதறாம தடுக்கற தேன்கூடு கிரிட்டை டிஷ் வாயில மாட்டுங்க, பின்னாடி செவுரு தானா இருட்டாயிடும்.

மொட்டை மாடில எடுக்கறவங்களுக்கு: மத்தியான வெயிலோட ஒரு ஸ்பீட்லைட் போட்டி போட முடியாது, வேகமான ஷட்டர்லயும் ஃப்ளாஷ் அடிக்க வைக்கற ஹை ஸ்பீட் சிங்க் போட்டா பவர் இன்னும் குறையும். சாயங்காலம் வெயில் இறங்கினதும் ஆரம்பிங்க, வானம் கொஞ்சம் இருண்டு வரட்டும். ஸ்டாண்டு கால்ல மணல் மூட்டையோ தண்ணி கேனோ கட்டாம டிஷ்ஷை விட்டுட்டு நகராதீங்க, காத்து அடிச்சா பாய்மரம் மாதிரி தள்ளிட்டு போயிடும், கீழ உக்காந்திருக்கற ஆள் தலைல விழுந்தா என்ன ஆகறது.

வாங்க காசு இல்லன்னா வீட்லயே செய்யலாம். 40 சென்டிமீட்டர் வாய் இருக்கற ஆழம் கம்மியான பிளாஸ்டிக் பேசின் ஒண்ணு, நடுவுல ஃப்ளாஷ் ஹெட் நுழையற அளவு ஓட்டை, உள்ளே மினுமினுப்பு இல்லாத மேட் வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட். டிஃப்ளெக்டருக்கு வேன், லாரில பக்கவாட்டு கண்ணாடியோட ஒட்டுவாங்களே அந்த வட்டமான குவி ஆடி, ஃப்ளாஷ் ஹெட்டை விட கொஞ்சம் பெருசா பாத்து வாங்குங்க. அதை ஒரு தகட்டுல ஒட்டி மூணு நீள போல்ட்ல நிறுத்துங்க, நட்டை திருகி முன்ன பின்ன நகர்த்தலாம். குவி ஆடி தட்டையான தட்டை விட லைட்டை அகலமா விரிச்சு பின்னாடி அனுப்பும், அதனால டோம் இல்லாமலே பேசின் ஓரம் வரைக்கும் போகும். முதல்ல சொன்ன அந்த டிஷ் போட்டோ டெஸ்ட்டை வச்சு கண்ணாடியோட தூரத்தை செட் பண்ணிக்கோங்க, சில மில்லிமீட்டர்லயே வித்தியாசம் தெரியும்.

பின்னாடி காசு சேர்ந்தா புது டிஷ் தேடாதீங்க, அதே டிஷ்ஷுக்கு வெளிய நீட்டின பல்பு இருக்கற லைட்டா பாருங்க, கோடாக்ஸ் ஏடி200 மாதிரி. அதுல பேர் பல்பு ஹெட் மாத்திக்கலாம், 200 வாட் செகண்ட் பவர், பையில அடங்கற சைஸ், எஸ் டைப் பிராக்கெட்டோட அடுத்த மாடலான எஸ்2-ல உக்காரும்.