மரியோவில் மைனஸ் உலகத்துக்கு வழி கிடைத்தது

மைனஸ் உலகம் என்பது மரியோ விளையாட்டில் நிரல் கோளாறால் உருவான ஒரு ரகசியக் கட்டம். மூன்று நாள் போராடி நேற்று ராத்திரிதான் உள்ளே போனேன். மதுரை மீனாட்சி பஜாரில் வாங்கிய பழைய டிவி கேம், அதில் 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ்.

1-2 கட்டத்தின் (முதல் உலகத்தின் இரண்டாம் கட்டம்) கடைசியில் பச்சைக் குழாய்க்கு மேலே கூரையில் செங்கற்கள் இருக்கும். அங்கே சுவரை ஊடுருவ வேண்டும். முதல் நாள் மரியோ சுவரில் முட்டி முட்டி நின்றான். கேசட் கோளாறு என்று நினைத்து ஊதி, துடைத்து, மறுபடி செருகினேன். பலனில்லை. மொத்தச் செங்கல்லையும் உடைத்ததுதான் தப்பு. சுவரை ஒட்டிய ஒரு கல்லை மட்டும் விட்டுவைக்க வேண்டும். குழாயின் இடது ஓரத்தில் இடப்பக்கம் பார்த்து நின்று, குனிந்தபடியே குதித்து வலப்பக்கம் அழுத்தினால் மரியோ சுவருக்குள் வழுக்கிக்கொண்டு போகிறான்.

சுவருக்கு அந்தப் பக்கம் வேறு உலகங்களுக்குத் தாவ மூன்று குழாய்கள் இருக்கும். முதல் குழாயில் இறங்கினேன், அப்புறமும் நான்காம் உலகம்தான் வந்தது! பக்கத்தில் இருந்த அக்கா மகன், "மாமா, எழுத்து வர்றதுக்குள்ள இறங்குங்க" என்றான். அதேதான். திரை வலப்பக்கம் நகர்ந்து வரவேற்பு எழுத்து வந்துவிட்டால் குழாயின் இலக்கு மாறிவிடும். எழுத்து வருமுன் முதல் குழாயில் இறங்க வேண்டும். நடுக்குழாய் 5-1-க்குப் போய்விடும்.

திரையில் '-1' என்று வந்தபோது கை நடுங்கியது. உண்மையில் அது 36-ஆம் உலகத்தின் முதல் கட்டம், அதாவது 36-1. 36 என்ற எண்ணுக்குரிய படம் வெற்றிடம் என்பதால் கோடும் ஒன்றும் மட்டும் தெரிகிறது. உள்ளே முழுக்கத் தண்ணீர். கடைசிக் குழாயில் நுழைந்தால் திரும்பத் தொடக்கத்துக்கே வருகிறோம்.